இரண்டை அழுத்தவும்

அண்ணே,

அண்ணி இன்று காலை உங்கள் வீட்டுத் தொலைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஈப்போவுக்குக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். லைனை வெட்டியாச்சு, இனி யாருக்கு என்றார். பொத்தான்களில் இன்னும் உங்கள் தைல வாசனை. திருப்பிப் பார்த்தேன். அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் ‘பி’ பக்கம் நின்றது.

நான் தள்ளியதுதான். பத்து காஜா ஊர்த் தோட்டத்து வீட்டில் உங்களுக்கு இதைப் பொருத்தியபோது, அங்கிருந்த பழைய எக்ஸ்சேஞ்சுக்குப் பொத்தானின் ஓசை புரியாது. டக் டக்கென்று போகும் துடிப்பைத்தான் எண்ணும்; அதற்குத்தான் ‘பி’. எக்ஸ்சேஞ்சை மாற்றியதும் ஓசைக்கான ‘டி’க்குத் தள்ளியிருக்க வேண்டும். துடிப்பிலேயே அழைப்பு போய்க்கொண்டிருந்ததால் மறந்தேபோனேன்.

பிறகு உங்கள் டயாலிசிஸ் கிளினிக்கில் தானாகப் பதில் சொல்லும் பெட்டியை வைத்ததும் நான்தான். தமிழில் பேச ஆள் கிடைக்காமல் என் குரலையே பதிந்தேன். ‘கிளினிக் வண்டிக்கு இரண்டை அழுத்தவும்.’ அந்தப் பெட்டிக்கு ஓசை மட்டும்தான் கேட்கும். துடிப்பு எக்ஸ்சேஞ்சோடு நின்றுவிடும். மூன்று முறை கேட்டும் எண் வராவிட்டால் லைனை வெட்டு என்று எழுதி வைத்தவளும் நான்.

நீங்கள் சொன்னீர்கள் அண்ணே. தீபாவளிக்கு முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னீர்கள். “ஒன் கொரல்தான் கேக்குது தங்கச்சி. ரெண்டத்தான் அமுக்குறேன், நீ காதுலயே வாங்க மாட்டேங்குற லா.”

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். நல்லா அமுக்குங்கண்ணே என்றேன். வண்டிக்கு எப்போதும் அண்ணிதான் தன் கைபேசியில் சொல்லிவிடுவார் என்பதால் அதோடு விட்டேன்.

நீங்கள் போன அந்த வியாழன் அண்ணி கைபேசியோடு சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது ரிசீவர் உங்கள் கையில் இருந்ததாம். யாரையோ கூப்பிடப் பார்த்திருக்கிறார், முடியவில்லை போல என்று இன்றும் சொன்னார். அவர் போனதும் கிளினிக் பெட்டியின் பதிவை என் கணினியில் திறந்தேன். அன்று உங்கள் எண்ணிலிருந்து நான்கு அழைப்புகள். நான்கு முறையும் என் குரல் உங்களிடம் மன்னிக்கவும் என்று சொல்லி லைனை வெட்டியிருக்கிறது.

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் இனி எப்படி அவர் முகத்தைப் பார்ப்பேன்? எனக்கு வழியே தெரியவில்லை அண்ணே.

மத்தியானமே கிளினிக்குக்கு ஓடி அந்த ஒரு கட்டளையை மாற்றினேன். எண் வராத அழைப்பு இனி என் கைபேசிக்கு வரும். சாயங்காலம் முதல் அழைப்பு வந்தது. லகாட்டிலிருந்து ஒரு பெரியவர். மிஷினா, ஆளா என்று கேட்டார்.

“ஆளுதாங்க, சொல்லுங்க” என்றேன்.

உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியது அது.