ஒரு பிடி கோதுமை மா

பதுளை,
ஷவ்வால் பிறை 24.

அல்லாஹ்வின் பெயரால் தொடங்கி, கொழும்பில் இருக்கும் என் உடன்பிறந்த தங்கச்சி நூருல் இனாயாவுக்கு உன் ராத்தா உம்மு குல்தூம் சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. நீயும் மாப்பிள்ளை இத்ரூஸும் உன் மாமியும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கே உன் மச்சான் புஹாரி சுகம். சாப்பாட்டுக் கடை நடக்கிறது. பிள்ளை மர்லியாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அவசரப்படாமல் வாசி.

வழக்கமாக நான் சொல்ல உன் மச்சான் எழுதுவார். இந்த முறை அவரிடம் கொடுக்கவில்லை. அவர் எழுதினால் பாதியை மென்று முழுங்கிவிடுவார். சின்ன வயதில் ஓதப்பள்ளியில் படித்த அரபு எழுத்துத் தமிழில் என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். உள்ளங்கையில் கொப்புளம், அதனாலும்தான்.

இங்கே மழை இல்லை, காற்றுத்தான். அரிசி முடை இன்னும் தீரவில்லை. கடைத்தெருவில் அரிசி வந்தால் பெண்கள் ஓடுகிறார்கள். கோதுமை மா மட்டும் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு ஸித்தி ஸுபைதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. எழுத வேண்டியதை எழுதப் பயமாக இருக்கிறது, இனாயா.

உன் முதல் மாப்பிள்ளை மவுத்தாகி, இத்ரூஸுக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுத்தபோது, நோயாளிப் பிள்ளை வீட்டுக்கு வேண்டாம், தேறினால் பார்க்கலாம் என்று உன் மாமி சொன்னாள். நீ ஐந்து வயது மர்லியாவை என்னிடம் விட்டுப் போனாய். வண்டியில் ஏறிய பிறகும் இறங்கி வந்து, ராத்தா, பாண் கொடுக்காதே, பிஸ்கட் கொடுக்காதே, கோதுமை பட்டால் பிள்ளைக்கு வயிறு ஊதி ஓட்டம் பிடிக்கும், அரிசிமா ரொட்டி மட்டும் சுட்டுக் கொடு என்று என் கையைப் பிடித்துச் சொன்னாய். உலகத்துப் பிள்ளையெல்லாம் பாண் தின்று வளருது, உன் மகள் என்ன ராஜகுமாரியா என்று நான் கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

பாண் நான் கொடுக்கவில்லை. பிஸ்கட்டும் கொடுக்கவில்லை. அல்லாஹ் சாட்சி. அரிசிமா ரொட்டிதான் சுட்டேன். ஆனால் நம் கடை ரொட்டியின் பக்குவம் உனக்குத் தெரியாது. வெறும் அரிசிமா விளிம்பில் வெடிக்கும், ஆறினால் பலகை. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, அந்தச் சூட்டோடு கை வைத்துப் பிசைந்தால்தான் மெத்தென்று வரும். காலையில் நாற்பது ரொட்டி தட்டுகிறவள் எத்தனை தடவை கையைச் சுட்டுக்கொள்வாள்? அதனால் ஒரு பிடி கோதுமை மா போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைவேன். பதுளையில் என் ரொட்டிக்குப் பேரே அதனால்தான். அந்த ஒரு பிடியைக் கோதுமை என்று நான் நினைத்ததே இல்லை. உப்பைப் போல, கைப்பக்குவத்தைப் போல நினைத்தேன். உன் பிள்ளையின் ரொட்டியிலும் அதைப் போட்டேன்.

நீ போன இரண்டாம் மாதமே அவளுக்கு வயிறு கழன்றது. பூச்சி என்று ஒரு டாக்டர் மருந்து கொடுத்தார். லெப்பை ஓதி நூல் கட்டினார். இவ்வளவு பக்குவமாகப் பார்த்தும் ஏன் இப்படி என்று உன்மேல்தான் கோபப்பட்டேன். உன் வயிற்றிலேயே சத்து இல்லை என்று கூடச் சொன்னேன். என்னை மன்னித்துக்கொள்.

பிறகு நோன்பு வந்தது. பகலில் கடை அடுப்பு எரியவில்லை, ரொட்டி இல்லை. பள்ளிவாசல் கஞ்சியை நோன்பு திறக்கும்போது அவளுக்கும் ஊற்றினேன். மீந்ததைக் காலையில் சூடாக்கிக் கொடுத்தேன். மற்ற நேரம் சோறு. பத்து நாளில் வயிறு அமர்ந்தது. மாதம் முடிவதற்குள் கன்னம் வைத்துவிட்டது. பெருநாளன்று புதுச் சட்டையோடு தெருவில் ஓடினாள். எல்லாம் நூலின் பரக்கத் என்று நினைத்து, பிள்ளை பூரண சுகம் என்று உனக்கு எழுதச் சொன்னேன்.

அதைப் பார்த்து இத்ரூஸ் மனம் இளகி, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து வந்து அவளைக் கூட்டிப்போகலாம் என்று உன் கடிதம் வந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை. அவள் பெரியும்மா பெரியும்மா என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் திரிவாள். கொஞ்ச நாள்தானே இருக்கிறது, நன்றாகக் கொழுக்க வைத்து அனுப்புவோம், உன் மாமி வாயடைத்துப் போகட்டும் என்று காலையும் மாலையும் ரொட்டி சுட்டேன். அவள் பல்லுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு பிடி போட்டேன். பெரியும்மா, கஞ்சி தாங்க, கஞ்சி தாங்க என்று கேட்டாள். நோன்பு முடிஞ்சிட்டுது மகள், இனி என்ன கஞ்சி என்று அதட்டி ஊட்டினேன்.

எட்டாம் நாள் படுத்தாள்.

எனக்குக் கண் திறந்தது டாக்டராலும் இல்லை, லெப்பையாலும் இல்லை. நமுனுகுலத் தோட்டத்து இராக்கம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்கு மா இடித்துக் கொடுப்பாள். போன ஞாயிறு நான் பிள்ளையின் ரொட்டிக்குப் பிசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஏம்மா, கோதுமை ஆகாத புள்ளைன்னு ஊரெல்லாம் சொல்றீங்க, பொறவு அதையே அள்ளிப் போடுறீங்களே என்று கேட்டாள். வெடுக்கென்று கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் மாவில் வைத்த கையை எடுக்கவில்லை.  ரொட்டி இல்லாமல் அவள் தேறிய நோன்பு மாதம் முழுவதும் என் கண் முன்னால் வந்தது.

அன்றைக்கே அரிசி ஊறப்போட்டு, உரலையும் சல்லடையையும் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். ரொட்டிச் சட்டியும் புதிது. கடைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டேன். நீயும் இப்படியே செய். இடித்த மாவை நிறம் மாறாமல் வறுத்து, தளதளவென்று கொதிக்கும் உப்புத் தண்ணீரை ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி மூடி வை. ஆறவிடாதே. சூட்டோடு தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசை. வாழை இலையில் தட்டி, சட்டியில் போட்டு, எடுத்ததும் ஈரத்துணியால் மூடு. மறுநாளும் மெத்தென்று இருக்கிறது, இனாயா. ஒரு பிடியும் வேண்டியதில்லை. என் கை மட்டும் வெந்தால் போதுமாயிருந்தது.

இப்போது அவளால் அதைத் தின்ன முடியவில்லை. தேங்காய்ப்பாலில் ஊறவைத்து நகத்தளவு ஊட்டினால் வாயிலேயே வைத்திருக்கிறாள். கஞ்சித் தெளிவு இரண்டு கரண்டி இறங்குகிறது. கால் வீங்கியிருக்கிறது. நேற்று டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்து எழுதாமல், தாய் எங்கே என்று கேட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாள் வரை காத்திருக்காதே. கடிதம் கிடைத்த அன்றைக்கே ரயில் ஏறு. உன் மாமி தடுத்தால் இந்தக் கடிதத்தை அவளிடம் வாசித்துக் காட்டு. குற்றமெல்லாம் ராத்தாவுடையது என்று சொல், அது உண்மைதான். ரயில் பாதை முடியும் பண்டாரவளையில் உன் மச்சான் தினமும் காத்து நிற்பார். வந்து என்னை அடி, திட்டு, இந்தத் தலைவாசலை இனி மிதிக்க மாட்டேன் என்று சொல். நான் வாய் திறக்க மாட்டேன். முதலில் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கு.

மர்லியாவுக்குக் கொழும்பில் சட்டை தைக்க அளவு கேட்டிருந்தாய். அளவெடுக்க நூலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அளவு எழுத மாட்டேன், தங்கச்சி. துணி எடுக்க நிற்காதே. நீ வா.

உனக்கு நீண்ட ஆயுளையும், அவளுக்கு நீ வரும் வரையாவது மூச்சையும் அந்த ரஹ்மானிடம் கேட்டுக்கொண்டிருக்கும்,

உன் ராத்தா
உம்மு குல்தூம்