தோஹாவுக்கு நாலரை மணி நேரம்

ஜூலை 9, புதன்
சாரல் விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. மாமி காலையிலேயே குற்றாலம் போய்த் துரியன் பழம் வாங்கி வந்துவிட்டார். வீடு முழுக்க நாற்றம். அதைச் சாப்பிட்டால் பிள்ளை நிற்கும் என்று ஊரே நம்புகிறது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம். டாக்டர், ‘உங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லம்மா’ என்று சொல்லியாயிற்று. மாமி கேட்டால்தானே?
“புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து திங்கணும்ட்டி. நீ மட்டும் தின்னா எப்படி?”
புருஷன் கத்தாரில் இருக்கிறார்.

ஜூலை 11
பக்கத்து வீட்டு பரீது காக்கா அடுத்த வாரம் தோஹா போகிறார். அவர் பெட்டியில் பழத்தை அனுப்ப மாமிக்கு யோசனை. “எத்தன மணி நேரம் தாங்கணும்னு போன்ல பாரு.”
பார்த்தேன். திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நாலரை மணி நேரம்.
திரும்பவும் பார்த்தேன். பொதிகை ரயிலில் சென்னை போகவே ராத்திரி முழுக்க ஆகுது. நாலரை மணி நேரம்தானா? இதுக்கா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மூஞ்சியப் பாக்குதோம்?
பழம் தாங்கும் என்று மாமியிடம் சொன்னேன். ‘நான் ஏன் போகக்கூடாது?’ என்று மனசில் வந்ததைச் சொல்லவில்லை.

ஜூலை 12
புருஷனிடம் போனில் கேட்டே விட்டேன், “நான் அங்க வரட்டா மச்சான்?” “ரூம்ல ஆறு பேரு கெடக்கோம். ஒன்ன எங்கன வைக்க? அடுத்த லீவுக்கு வாரேம்லா.”
எப்பப் பாரு அடுத்த லீவு! பழத்துக்கு எடம் இருக்கு, எனக்கு இல்லையான்னு கேட்டுட்டு வச்சிட்டேன்.
அழுகை வந்தது. கோபம்தான் அதிகம்.

ஜூலை 15
பரீது காக்கா மாமியிடம் மறுத்துவிட்டார். “நாத்தத்துல ஏர்போர்ட்டே கூடிரும் சாச்சி.”

ஆகஸ்ட் 3
மச்சானோடு வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறாராம். மூன்று மாசத்துக்கு தோஹாவில் அவர் வீட்டில் நாங்கள் இருக்கலாமாம். “வாரியா?” என்றார்.
வாரியாவாம்!

ஆகஸ்ட் 5
மாமி முகம் விழுந்துவிட்டது. “என்ன ஒத்தையில போட்டுட்டா போற?” பாவமாக இருந்தது. மகனைப் பிரிந்திருப்பது அவரும்தானே. செங்கோட்டையிலிருந்து மதினி மாஜிதா வந்து கூட இருக்கச் சம்மதித்தாள். கொஞ்ச நேரம் கழித்து மாமி, “அப்பம்னா பழத்த நீயே கொண்டு போயிரு.”

ஆகஸ்ட் 28
திருவனந்தபுரம் விமான நிலையம். மாமி புதுசாக வாங்கி வந்த பழத்துக்கு நாலு பாலித்தீன் பை சுற்றியும் கவுன்ட்டர் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. வாசலில் நின்ற மாமியிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். பையை வாங்கிக்கொண்டு, “கெடக்கட்டும். நீ கெளம்புட்டி, நேரமாவுது” என்றார்.

ஆகஸ்ட் 29
தோஹா. நாலரை மணி நேரம் சரியாகத்தான் இருந்தது.
காலையில் மாமிக்கு வீடியோ கால் போட்டோம். “பழம் என்னாச்சு உம்மா?” என்றார் மச்சான்.
“கெட்டுப் போயிரும்லா. திரும்புற வழியில ஆரியங்காவு வாரதுக்குள்ள நானே தின்னுட்டேம்லே.”
மச்சான் கட்டிலில் விழுந்து சிரித்தார். சிரித்தால் அவர் தோள் இப்படிக் குலுங்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.