மாதியின் பெயர் தாங்கிய துப்பாக்கி

கீலக ஆண்டு ஆவணி மாதம் பதினொன்றாம் நாள் விடியலில், மஞ்சிமலை நெல்லிக்கொம்பைத் தினைக்கொல்லையில் துப்பாக்கிக் குண்டு பட்டு, கோட்டைக் காவல் வீரன் மருதப்பன் இறந்தான்.

வெற்றியும் நலமும் பெருகுக. வேங்கைக்கொடி உயர்த்தியவரும், அருங்கல் நாட்டுக் கணவாய்கள் யாவற்றுக்கும் காவலரும், வடஎல்லைப் பாசறையில் எழுந்தருளியிருப்பவருமான மன்னர் முத்துவீரராயர் திருமுன்பு, தலைநகர்க் காவல் பூண்ட தளவாய் சொக்கநாயினார் பணிந்து விடுக்கும் ஓலை. மன்னர் மேனி நலம் பெறுக. உடன் சென்ற படையும் பரியும் குறைவின்றி விளங்குக. இங்கே ஆற்றில் புதுநீர் வந்தது. அரண்மனையில் யாவரும் நலம். இனிச் சொல்லப்போவது நலமான செய்தியன்று.

சென்ற தை மாதத்தில் பிறந்த துப்பாக்கிப் பதிவு ஆணையை வரைந்தவர் இந்தத் தளவாயே என்பதை மன்னர் அறிவார். குதிரைச் சந்தையில் வணிகர் ஒருவர் சுடப்பட்டுக் கிடந்தபோது, அருகில் கிடந்த துப்பாக்கியைச் சந்தை முழுவதும் திரண்டு பார்த்தது; ஒருவரும் தமதென்று சொல்லவில்லை. ஆகவே நாட்டிலுள்ள துப்பாக்கி யாவும் கோட்டைக்கு வரவேண்டும், கட்டையில் பித்தளைத் தகடு அறைந்து உடையவர் பெயர் பொறிக்கவேண்டும், துப்பாக்கியால் நேர்வதற்குத் தகட்டிலுள்ள பெயரே பதில் சொல்லவேண்டும், கைப்பிழையால் உயிர் போனால் அப்பெயருக்குரியவர் வலக்கைக் கட்டைவிரலை இழக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. கடைசி இரண்டு விதிகளையும் அவையில் வாசித்தபோது, அவற்றின் சொற்செட்டை எண்ணித் தளவாய் உள்ளூர மகிழ்ந்தார்.

அன்று அவையில் எழுந்து மறுத்தவர் நெல்லிக்கொம்பை மூப்பர் கொப்பையன் ஒருவரே. "எங்க ஊருக்கே துப்பாக்கி ஒண்ணுதாங்க சாமி. தினை கதிர் பிடிச்சா அது ஒரு வீட்டுல தங்காது. பன்னி எந்தக் கொல்லையில எறங்குதோ அங்க போயிரும். யாரு பேரைங்க போடறது?" என்று அவர் கேட்டார். தளவாய் சற்றும் யோசியாமல், "அப்படியானால் பன்றியின் பெயரையே பொறித்துவிடலாம்" என்றார். அவை குலுங்கிச் சிரித்தது. மூப்பரும் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு அமர்ந்தார். கேள்வி கேள்வியாகவே நின்றது.

பின்பு அவ்வூரார் துப்பாக்கியை மாதி என்பவளிடம் கொடுத்தனுப்பினர். அவள் தேன் விற்கக் கோட்டைச் சந்தைக்கு இறங்குகிறவள். எப்படியும் வருகிறவள் இதையும் காட்டிவிட்டு வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். வாயிலில் பெயர் கேட்டார்கள், சொன்னாள். தகடு அறையப்பட்டது.

அவ்வூரில் துப்பாக்கியை வெடிமருந்து கெட்டித்தே கைமாற்றுவார்கள்; வெறுங்குழலைக் கொடுப்பது விருந்தாளிக்கு வெற்றிலை மட்டும் வைத்து எழுப்பிவிடுவது போன்ற அவமதிப்பு. உள்ளே என்ன இருக்கிறதென்று வாங்குகிறவர் கேட்பதும் கொடுத்தவரை நம்பாததாகும். மேல்கொல்லைக்காரர் குண்டும் இடுவர். கீழ்க்கொல்லைக்காரர் வெறும் மருந்தை வெடித்து ஓசையால் விரட்டுவர். கீழ்க்கொல்லைச் சடையன் அன்றிரவு மேல்கொல்லையிலிருந்து அதை வாங்கி வந்தான், கேட்கவில்லை. விடியற்பனியில் கதிர் அசைந்தது. ஓசைக்கென்று விசையை இழுத்தான். சுற்றுக்காவலிலிருந்து விலகிக் காலைக்கடனுக்கு ஒதுங்கியிருந்த மருதப்பன் சாய்ந்தான்.

சடையன் தானே கோட்டை வாயிலுக்கு வந்தான். "சுட்டது நானுங்க. பேரு போட்டிருக்கற மாதி அப்ப அவ வீட்டுல தூங்கிட்டு இருந்துச்சு. என்னைய உள்ள போடுங்க" என்று கெஞ்சினான். கோட்டை அதிகாரி வன்னியப்பர் தகட்டைப் பார்த்தார். "இதில் உன் பெயர் இல்லையே. போய் வேலையைப் பார்" என்று அவனைத் துரத்திவிட்டு, மாதியைப் பிடித்துவர ஆள் விட்டார். வன்னியப்பர் மீது குற்றமில்லை. ஆணையில் எழுதியிருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தார்.

செய்தி கேட்டுத் தளவாய் சிறைக்குச் சென்றார். மாதி எழுந்து நின்று கும்பிட்டாள். அவள் விரலைப் பற்றி முறையிடுவாள் என்றெண்ணித் தளவாய் ஆறுதல் மொழிகளை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தார். அவளோ, "சாமி, தகட்டுல பன்னி பேரைப் போடலாம்னு சொன்னது நீங்கதானே? மூப்பரு வந்து சொன்னப்ப ஊரே சிரிச்சுது. இப்போ தகட்டுல எம் பேரு இருக்கறதால எங்கூருப் புள்ளைங்க பன்னியப் பாத்தா, மாதி வருது மாதி வருதுன்னு கத்துதுங்க" என்றாள். பிறகு தன் வலக்கையை விரித்துப் பார்த்து, "பேரு கேட்டாங்க. கேட்டா சொல்ல வேண்டாமா?" என்றாள்.

தளவாயால் தலை நிமிர்த்த முடியவில்லை. மூப்பர் கேட்ட அன்று அரை நாழிகை செவி கொடுத்து அவ்வூர் வழக்கத்தைக் கேட்டறிந்திருந்தால் மருதப்பன் உயிரோடிருப்பான் என்ற எண்ணம் அதன்பின் அவரை உண்ணவும் உறங்கவும் விடவில்லை.

பதிவே வேண்டாம் என்று தளவாய் இப்போதும் சொல்லவில்லை. சந்தையில் கிடந்த பிணத்தை அவர் மறக்கவில்லை. ஆனால் துப்பாக்கி கைமாறும்போதெல்லாம் குழலில் இருப்பதை ஊரார் இருவர் முன் வாய்விட்டுச் சொல்லவேண்டும், யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரும் பதியப்படவேண்டும், தகட்டுக்காரர் மட்டுமே பொறுப்பு என்னும் விதி நீங்கவேண்டும் என்று விண்ணப்பிக்கிறார்.

புது விதி பழைய குற்றத்துக்குப் பொருந்தாது என்று வன்னியப்பர் நினைவூட்டினார், அது சரியே. எனவே தளவாய் கோட்டை வாயிலில் மக்கள் காண மாதியின் தகட்டைப் பெயர்த்தெடுத்து, தம் பெயர் பொறித்த தகட்டை அவ்விடத்தில் அறைவித்தார். இது முறைதானா என்பதில் அவருக்கே தெளிவில்லை. ஆயினும் ஆணை கேட்பது தகட்டிலுள்ள பெயரை. அப்பெயர் இப்போது அவருடையது. மாதியை அன்றே மலையேற்றி அனுப்பினார். மருதப்பனின் தாய்க்கு உழவு செய்து கொடுக்கச் சடையன் தானாகவே ஒப்புக்கொண்டான்.

மன்னர் ஆய்ந்து ஆணையிடுக. அதுவரை தளவாய் கோட்டையை விட்டு அகலார். தளவாய்ப் பதவிக்குரிய வேங்கை முத்திரையை இத்துடன் திருப்பி அனுப்புவதால், அரக்கின்மேல் அவர் வலக்கைக் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. அதையே முத்திரையாகக் கொள்க. அருங்கல் நாடு நீடுக.

மன்னர் ஆணையோடு திரும்பி வந்த இவ்வோலையின் மறுபக்கத்தில் அரண்மனை எழுத்தர் தலைவரான ஓலைநாயகம் எழுதியது: புரட்டாசி நான்காம் நாள் மன்னர் ஆணை வந்தது. விதிகள் திருத்தப்பட்டன. ஐந்தாம் நாள் காலை தளவாய்க்குத் தண்டனை நிறைவேறியது. துப்பாக்கி நெல்லிக்கொம்பைக்கு அனுப்பப்பட்டது, ஊரார் வாங்கவில்லை. இவ்வாண்டு அங்கே தினை அறுவடை இல்லை.