கண்ணாடி அலமாரியில் நின்றவள்

போன வாரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு விரிசல். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு மாதம் கட்டோடு இருந்தால் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்ரே படத்தை உறையிலிருந்து எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டின் சின்ன எலும்புகள் எட்டும் கூழாங்கற்களைப் போல நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தில் ஒரு சிறிய உருண்டை. என்னை அறியாமல் என் வாய் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"பயறு."

நீ வைத்த பெயர். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுத நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லாத பழக்கம் என்னுடையது என்று உனக்குத் தெரியும்.

நீ எங்கள் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வுக்கூடத்துக்கு அட்டெண்டராக வந்தபோது எனக்கு அங்கே ஒன்பது வருஷ சர்வீஸ். உனக்கோ ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிக்க வேண்டிய தினக்கூலி வேலை. குமரிக் கடற்கரையில் பிறந்து விழிஞ்ஞத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகளிடம் மலையாளமும் என்னிடம் தமிழுமாகப் பேசினாய். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஃபார்மலின் பாட்டில்களைத் துடைப்பது, மைக்ராஸ்கோப்புக்கு உறை போடுவது, செம்பருத்திப் பூ கொண்டுவந்து தருவது, இவைதான் உன் வேலைகள். மூலையில் கண்ணாடி அலமாரிக்குள் நின்ற எலும்புக்கூட்டைத் துடைக்க வேண்டும் என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை.

அது நிஜ எலும்புக்கூடு. நாம் இருவரும் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே யாரோ வாங்கி வைத்தது. எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. பிள்ளைகள் அதன் வாயில் சாக்பீஸ் செருகுவார்கள். வலது கையின் கம்பிகள் துருப்பிடித்து அறுந்து, எலும்புகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. நானும் பாடம் எடுக்கும்போது குச்சியால் மண்டையில் தட்டி, "இது கபாலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

வந்த இரண்டாவது வாரம், உன் வீட்டுக்காரர் தூண்டிலுக்கு வைத்திருக்கும் நைலான் நூலில் கொஞ்சம் கொண்டுவந்தாய். பிஸ்கட் டப்பாவை மேசைமேல் கவிழ்த்து, புத்தகப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கோர்க்க ஆரம்பித்தாய். மூன்று தடவை பிரித்துக் கோர்த்தாய். மணிக்கட்டுக்கு வந்ததும் திணறிப்போய் என்னைக் கூப்பிட்டாய்.

"டீச்சரே, இந்தக் குட்டி எலும்பு எங்க போவும்? பயறு மாதிரி இருக்கு."

அதன் இங்கிலீஷ் பெயருக்கும் பயறு வடிவம் என்றுதான் பொருள் என்று நான் சொன்னபோது எத்தனை சந்தோஷம் உனக்கு! "பாத்தியளா, படிச்சவனுக்கும் அப்படித்தான் தோணியிருக்கு" என்றாய். நாற்பத்தைந்து நிமிஷ வகுப்பில் என் மாணவர்கள் யாரும் என்னிடம் கேட்காததை அன்றைக்கு நீதான் கேட்டாய்.

"இது ஆணா, பொண்ணா?"

எனக்குச் சொல்லத் தெரியும். இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இடுப்பெலும்பைக் காட்டினேன். நடுவிலுள்ள வழி அகலமாக இருந்தது. முன்பக்கம் இரண்டு எலும்பும் சேரும் இடத்தில் கோணம் விரிந்திருந்தது. ஒரு பிள்ளை வெளியே வருவதற்கான அமைப்பு.

"அப்போ பொண்ணு. வயசு?"

இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டினேன். வளரும் வயதில் எலும்பின் நுனி குருத்தெலும்பால் பிரிந்திருக்கும். வளர்ச்சி முடிந்தபின்தான் ஒட்டும். இவளுக்கு அது முழுசாக ஒட்டவில்லை. தோள்பட்டைக்கு வரும் காறை எலும்பின் உள்முனையும் சேரவில்லை. கடைசிக் கடைவாய்ப் பற்கள் முளைக்கவே இல்லை.

"பதினெட்டு இருக்கும். மிஞ்சிப்போனால் இருபது" என்றேன்.

குனிந்து தாடையை விரலால் தடவினாய். கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தையாகி இருந்தது.

"அவளுக்க பல்லு பாருங்க டீச்சரே. எவ்வளவு வேதனை தின்னிருப்பா, பாவம்."

உன் மகளுக்கும் அப்போது பதினெட்டு. நர்ஸிங் படிக்கச் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், "மக்களே, கொஞ்சம் தள்ளி நில்லு, தூசி தட்டணும்" என்று, பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் உன் ஊர் வழக்கில் அவளிடம் பேச ஆரம்பித்தாய். முதலில் சிரித்த பிள்ளைகள் பிறகு சாக்பீஸ் செருகுவதை விட்டுவிட்டார்கள். நானும் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது. ஹெர்பேரியம் தாளில் நாம் காயவைத்து ஒட்டாத இலையும் இல்லை, நீயும் நானும் பங்கிட்டுத் தின்னாத மத்திக் குழம்பும் இல்லை என்று எழுதினால் நீ சிரிப்பாய்; நான் சைவக்காரி, உன் குழம்பின் மணத்தை மட்டும் பங்கு வாங்கியவள். அதற்கும் ஒரு நாள் நீ விளக்கம் கேட்டாய். மணம் என்பது அந்தப் பொருளின் நுண்ணிய துகள்கள் மூக்குக்குள் போய்ப் படுவதுதான் என்றேன். "அப்போ நீங்க பாதி தின்னாச்சு" என்றாய்.

பிறகு ஆய்வுக்கூடத்தைப் புதுப்பிக்கும் வருஷம் வந்தது. புது மேசை, புது விளக்கு, பிளாஸ்டிக் மாதிரி எலும்புக்கூடு. பழைய சாமான்களைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரருக்குப் போட ஒரு பட்டியல் தயாரானது. ஹெச்.எம். அதை ஸ்டாஃப் ரூமில் வாசித்தார். உடைந்த பெஞ்சு ஆறு, துருப்பிடித்த தராசு இரண்டு, கண்ணாடி அலமாரி ஒன்று, எலும்புக்கூடு ஒன்று.

நீ வாசலில் டீ தம்ளர்களோடு நின்றிருந்தாய்.

"ஸார், அதை ஆக்ரிக்குப் போடப்பிடாது. அது ஆள்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. அவசரத்தில் இருந்தார். "அது ஸ்பெஸிமென். நாளைக்கு வண்டி வரும், அலமாரிச் சாவியை ஆபீஸில் கொடு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர்தானே டிபார்ட்மெண்ட். டீச்சர் என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த இடுப்பெலும்பின் கோட்டை உனக்குக் காட்டியவள் நான். அன்றைக்கு என் பிரமோஷன் காகிதம் அவர் மேசையில் இருந்தது. "ஸார் பாத்து செய்ங்க" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். தம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

மறுநாள் வண்டி வந்தது. பெஞ்சுகளை ஏற்றினார்கள், தராசுகளை ஏற்றினார்கள். அலமாரி பூட்டியிருந்தது. நீ அதன் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாய்.

"சாவி எங்கே?"

"எனக்க கையிலதான் இருக்கு. தரமாட்டேன் ஸார்."

உன் வேலையைப் பற்றி அவர் ஏதோ சொன்னார். "வேலை போச்சுன்னா வேற வேலை நோக்குவேன். இவள இரும்புச் சாமான் கூட அனுப்பிட்டு நான் வீட்டுல போயி எனக்க மோளுக்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்றாய். ஸ்டூலை விட்டு நீ எழுந்திருக்கவில்லை. வண்டி அலமாரி இல்லாமலே போயிற்று. நான் வராந்தாவில் தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பங்குச் சாமியாரிடம் போனாய். கல்லறைத் தோட்டத்தில் ஓர் ஓரம் கேட்டாய். அவர் கேட்டதையும் நீ சொன்ன பதிலையும் பிறகு நீயே எனக்குச் சொன்னாய். "இந்தப் பெண் யார், எந்த மதம்?" என்று கேட்டாராம். "அச்சோ, எலும்புல அது எழுதியிருக்கல. எழுதியிருந்தா நான் வாசிச்சிருப்பேன்" என்றாயாம். அவர் சிரிக்கவில்லையாம். தனக்கு மறுப்பில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தின் கடிதமும் போலீஸ் ஸ்டேஷனின் அனுமதியும் வேண்டும் என்றாராம்.

திங்கட்கிழமை நீ ஆய்வுக்கூடத்தில் பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் இதைச் சொன்னாய். என்னிடம் நீ எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. கேட்காததால்தான் அன்று மாலை உட்கார்ந்து எழுதினேன். இது ஒரு மனித உடல். பதினெட்டு இருபது வயதுப் பெண். இத்தனை வருஷம் எங்கள் பிள்ளைகள் இவளைப் பார்த்துத்தான் தங்கள் உடம்பைத் தெரிந்துகொண்டார்கள். இவளை மரியாதையோடு அடக்கம் செய்ய அனுமதி வேண்டும். கீழே என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஹெச்.எம். அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரும் கையெழுத்திட்டார். ஸ்டேஷனுக்கு நாம் நாலு தடவை நடந்தோம். அங்கே ஒரு பெண் எஸ்.ஐ., "இதுக்கெல்லாம் ஃபாரம் இல்லையே" என்று திகைத்துவிட்டு, கடைசியில் வெள்ளைத்தாளில் எழுதித் தந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை. எலும்புகளைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தோம். நான் பெயரைச் சொல்லச் சொல்ல நீ ஒரு மரப்பெட்டிக்குள் உன் வீட்டுக்காரரின் கல்யாண வேட்டியை விரித்து அடுக்கினாய். மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், விலா இருபத்துநாலு. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாய். பள்ளம் வந்த இடத்தில் எல்லாம், "பைய போ மோனே" என்று டிரைவரிடம் சொன்னாய்.

உன் வீட்டுக்காரர் குழி வெட்டி வைத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்தார். சாமியார் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். எனக்குத் தெரிந்த திருவாசக வரிகள் மனசுக்குள் ஓடின, நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் நின்றன. மண் போட்டு முடித்தபின் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அன்னிக்கு ஸ்டாஃப் ரூம்ல நான் பேசியிருக்கணும். பயந்துட்டேன்."

"பேசியிருக்கணும்" என்றாய். சமாதானத்துக்காக ஒரு பொய் சொல்பவள் இல்லை நீ. பிறகு ஈரக்கையால் என் கையைப் பிடித்தாய். "ஆனா வந்தியளே டீச்சரே. இனி பேசுங்க."

அடுத்த ஜூனில் உன் வேலையைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டேன். மூன்று டீச்சர்களைச் சேர்த்துக்கொண்டு எழுத்திலும் கேட்டேன். நடக்கவில்லை. நீ ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்குப் போனாய். "இஞ்ச எல்லாரும் உசிரோட இருக்காவ, அதனால பதில் சொல்லுதாவ, அதுதான் வித்தியாசம்" என்று போனில் சொல்லிச் சிரித்தாய். ஒரு நாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை.

ஒரு காலையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். உன் மகள்தான் கூப்பிட்டாள். அவள் நர்ஸ், என்ன நடந்தது என்று தெளிவாகச் சொன்னாள். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துவிட்டது, பத்து நிமிஷம்கூட இல்லை என்றாள். வருஷா வருஷம் கரும்பலகையில் நான் சிவப்புச் சாக்பீஸால் வரையும் குழாய் அது. உன்னை அடக்கம் செய்த அன்று, எல்லோரும் போனபின், மேற்கு மூலையில் அவளைப் புதைத்த இடத்துக்கும் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவளுக்கும் உனக்கும் நடுவே நாலு வரிசைதான்.

இப்போது ஆய்வுக்கூடத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு நிற்கிறது. அதற்கு எல்லாப் பற்களும் ஒழுங்காக இருக்கின்றன. எலும்பு மண்டலம் எடுக்கும் நாளில் நான் அதைத் தொடுவதற்கு முன், "உங்க கையை நீங்களே பிடிச்சுப் பாருங்க" என்கிறேன். நாற்பது பிள்ளைகள் தங்கள் முழங்கையை, விரலை, தாடையைத் தடவிப் பார்க்கிறார்கள். பிறகு, இங்கே முன்பு நிஜமாகவே ஒரு பெண் நின்றாள் என்று சொல்கிறேன்.

போன மாதம் ஒரு சிறுமி கேட்டாள், "அவங்க பேரு என்ன டீச்சர்?"

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள வழியே இல்லை என்றேன்.

"அப்போ யாரு அவங்கள அடக்கம் பண்ணினது?"

அதற்கு எனக்குப் பதில் உண்டு. உன் பெயரைச் சொன்னேன். வீட்டுப் பெயரையும் சேர்த்து, கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். பரீட்சைக்கு வராது என்றும் சொன்னேன். அப்படியும் பிள்ளைகள் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்கள்.