இடதுபக்கம் இரண்டு பேர்

ஆகஸ்ட் 12, 2006, சனி

வெக்கை. மைதானத்துப் புல் காய்ந்து முள்ளாய்க் குத்துகிறது. 2–0 வெற்றி. தொடர்ந்து ஒன்பதாவது. நான் உதைபந்தாட்டக் குழுவுக்கு உதவி மனேஜர் ஆன பிறகு தோல்வியே இல்லை. மனேஜர் சேவியர் அண்ணை எல்லார் முன்னாலும் முதுகில் தட்டினார்: "இடதுபக்கம் ரெண்டு பேரை நிப்பாட்டுறது இவன்ர மூளை. கீப்பரா நிண்டவனுக்குத்தான் உது விளங்கும்."

கைதட்டல். மூளையாவது மண்ணாங்கட்டியாவது. எங்கள் கீப்பர் அன்ரனுக்கு, என் மனைவி ஜெயாவின் தம்பிக்கு, இடது கண் சரியாகத் தெரியாது. அதை மறைக்கத்தான் அந்த இரண்டு பேர்.

வாங்க: பால், மெலனிக்குச் சப்பாத்து, டேப்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மழை. பயிற்சி இல்லை.

அன்ரனின் கண்ணை மே மாதமே கண்டுபிடித்தேன். இடதால் வரும் பந்துக்கு அ. முழுத் தலையையும் திருப்புவான். பதினேழு வருடம் கோலுக்குள் நின்றவன், எனக்குத் தெரியாதா? கேட்டேன். "அத்தான், அக்காவுக்குச் சொல்லாதேங்கோ. டொக்டரிட்டப் போனா லைசென்ஸ் போயிடும்." ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி வான் ஓட்டுகிறான். அப்போது அதை யோசிக்கவேயில்லை. கோலை மட்டும் யோசித்தேன். வெட்கம்.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஜெயாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். தம்பிக்குப் புது வேலை. திங்கள் முதல் கார்டெரி வான், சின்னப்பிள்ளைகளைக் காப்பகத்துக்கு ஏற்றி இறக்க. எங்கள் மகள் மெலனியும் அதில்தான் போவாள். "இனி விடிய மெட்ரோவில பிள்ளையோட இழுபடத் தேவையில்லையப்பா." மெலனி பிரெஞ்சில் ஏதோ பாடிக்கொண்டு கட்டிலில் குதித்தாள்.

நான் சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். சனி இறுதிப் போட்டி. முடிய ஞாயிறு சொல்லலாம் என்று மனதுக்குள். சீ, நானும் ஒரு தகப்பனா.

அ.வுக்கு போன்.

"எத்தினை பிள்ளையள்?"

"ஏழு."

"கண்?"

"பழகிட்டுது அத்தான். ஒன்பது மட்ச். ஒரு கோலாவது இடதால வந்ததே?"

உண்மையிலேயே நம்புகிறான். நம்பவைத்தது நான்.

ஆகஸ்ட் 19, சனி

காற்று. இறுதிப் போட்டி. 1–0 முன்னுக்கு. கடைசிப் பத்து நிமிடம். எழும்பி அந்த இரண்டு பேருக்கும் கத்தினேன்: "இடதை விட்டுட்டு மேல போங்கோடா!" போனார்கள். என் சொல்லுக்கு மறுபேச்சில்லை.

சேவியர் அண்ணை: "உனக்கென்ன விசரே?"

இடதால் வந்தது. தோளைத் தாண்டிய பிறகுதான் அ. திரும்பினான். அடுத்ததும் அப்படியே. 1–2.

கையுறையைக் கழற்றிக்கொண்டு நேரே வந்தான். "வேணுமெண்டு செய்தனீங்கள்."

"ஓம்."

"எல்லாற்ற முன்னாலயும்."

"ஓம். திங்கள் வானில ஏறாத."

வான் திறப்புக் கொத்தை என் காலடியில் எறிந்துவிட்டு நடந்தே போனான்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சேவியர் அண்ணை போனில்: இனி வரவேண்டாம். சரி.

ஜெயாவிடம் எல்லாம் சொன்னேன். கறிச்சட்டியை அடுப்பால் இறக்கிவைத்தாள். "உங்களுக்கு மே மாசமே தெரியும். கோல் விழக்கூடாதெண்டு என்ர தம்பியின்ர கண்ணை மறைச்சிருக்கிறியள்." மறைத்தேன்தானே.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

தூறல். ஜெயாதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வேலை முடிந்து நானும் ஓடினேன். கண்ணுக்குள் அழுத்தமாம். இடது போய்விட்டது. வலதிலும் தொடங்கிவிட்டது, அதைக் காப்பாற்றலாம். மூன்று மாதம் முந்தி வந்திருந்தால் இடதையும் கொஞ்சம் பிடித்து நிறுத்தியிருக்கலாம் என்றாராம் டொக்டர். ஜெயா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

மூன்று மாதம். மே.

அ. நடைக்கூடத்து மர வாங்கில் இருந்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது அவனுடைய இடதுபக்கம்.

தலையைத் திருப்பவில்லை. "ஆரது?" என்றான்.