வடகரைச் சுவரை இடிக்கும் ஆணை

திரு ஓங்குக. வெண்கோட்டுப் பேரரசர் செருவேந்தர் திருவாய்மொழி கேட்டு, அவர்தம் அமைச்சன் தழையூர் மருதங்கோ எழுதுவது. நீராழி நாட்டுக் கோட்டைத் தலைவர் வேங்கைமாறனார் கண்டுகொள்க. உம் நாட்டில் உழவும் உப்பளமும் செழிக்க.

உம் அரசர் அருவிவேள், பேரரசரின் ஒரே தம்பி என்பதும், ஆற்றுத்துறைப் போரில் அண்ணன்மேல் பாய இருந்த வேலைத் தம் தோளில் வாங்கியவர் என்பதும், அதற்காகவே நீராழி நாட்டு முடி அவருக்குச் சூட்டப்பட்டது என்பதும் நீர் அறிந்தவை. முடி சூட்டிய அன்றே ஐயமும் உடன் பிறந்தது. அவர் எவரோடு உண்டார், எதற்குச் சிரித்தார் என்று மாதந்தோறும் ஒற்றர் எழுதினர். அந்த ஓலைகளைப் பேரரசருக்குப் படித்துக்காட்டியவன் நானே. நான்காம் ஆண்டில், தலைநகரை நோக்கிய வடகரையில் அவர் நெடுஞ்சுவர் எழுப்புகிறார் என்ற செய்தி வந்ததும், பேரரசர் அவரை அழைத்தார்.

அழைப்போலை கண்ட அரசி, "போனால் திரும்ப விடமாட்டார்கள்" என்று தடுத்ததாக அறிகிறேன். அருவிவேளுக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆனால் வராதிருந்தால் அதுவே குற்றமாகிவிடும் என்று எண்ணி, இரண்டே குதிரை வீரரோடு வந்தார். வாயிலில் அவர் வாளை வாங்கிக்கொண்டனர். அண்ணன் தம் கையால் மடித்துத் தந்த வெற்றிலையை வாயிலிடுமுன் அவர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தைப் பேரரசர் கண்டுவிட்டார்.

சுவர் எதற்கென்று கேட்டபோது, "அண்ணா, ஆறு வடக்கேயிருந்துதானே வருகிறது. போன மழையில் ஏழு ஊர் போய்விட்டது" என்றார்.

அதைப் பார்த்துவரப் பேரரசர் என்னை அனுப்பினார். சுவரில் அம்பு எய்யத் துளையில்லை, மேலே ஆள் நிற்க இடமில்லை. அருகிலிருந்த வீடுகளில் பழைய வெள்ளத்தின் சேற்றுக்கோடு என் மார்பளவு நின்றது. கண்டதைக் கண்டபடியே உரைத்தேன். வெள்ளத்தைத் தடுக்கும் சுவர் படையையும் தடுக்கும் என்றார் பேரரசர். தம்பி முடியைக் கழற்றி அண்ணன் காலடியில் வைத்து, சுவர் கட்டிய ஊரார்மேல் பழி வரலாகாது என்று மட்டும் வேண்டினார்.

ஆகவே ஆணை: உம் அரசர் இனித் தலைநகர் மாளிகையிலேயே விருந்தினராக இருப்பார். வடகரைச் சுவர் அடியோடு இடிக்கப்பட வேண்டும். அரச முத்திரை இடப்பட்டது, மாற்றம் இல்லை.

இடிக்க வேண்டிய நாளைப் பேரரசர் சொல்லவில்லை. ஆதலால் நானும் எழுதவில்லை. மழைக்காலம் அடுத்த மாதம் தொடங்குகிறது. இவ்வோலையை நீரே படித்து, அதன்படி நடந்துகொள்க.