செவலைக்கு விட்டுப்போகும் சேலைகள்

ஞாயிறு, எருத்தேன்பதி.

நாளை நானும் என் மனைவி சாந்தியும் வியட்நாம் கிளம்புகிறோம். பிடித்திருந்தால் கூடுதலாகத் தங்கலாமென்று, திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுத்தேன். பாஸ்போர்ட்டை மூன்று முறை பார்த்த நான் செவலையை மறந்தே போனேன். சாந்தியைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கிற மாடு அது.

அவள் மறக்கவில்லை. தான் உடுத்திக் களைந்த சேலையைப் பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கட்டிவிட்டு, இன்று மாலை கறக்கச் சொன்னாள். செவலை முகர்ந்து பார்த்தது. அசையாமல் நின்று பால் கொடுத்தது. சாந்தி கெட்டிக்காரி!

பெட்டியில் எனக்கு ஏழு சட்டை, அவளுக்கு இரண்டே சேலை. மற்றவை துவைக்காமல் கொடியில் கிடக்கின்றன. ஏனென்று கேட்டேன்.

"ஒரு சேலைல என்ற வாசம் நாலு நாளைக்குத்தானுங்க நிக்கும். நீங்க தேதிய மாத்துவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா?"